ஆன்டெனாவை முதலில் நகர்த்துங்கள்

வீட்டுச் சாதனங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, சிங்கப்பூரின் தோ பாயோவில் 1981 முதல் டிவி பழுதுபார்த்து ஓய்வுபெற்ற தொழில்நுட்பர் பதில் சொல்கிறார்.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கட்டணத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டோம், இலவசமாக வருகிற ஒளிவழிகளை வீட்டு ஆன்டெனாவில் எப்படிப் பிடிப்பது? அதனால் மின்விசிறி, ரைஸ் குக்கர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த முறை ஆன்டெனாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு 79 வயது. தெம்பனிசில் ஈரறை வீட்டில் தனியாக இருக்கிறார். சுவரில் இருக்கிற டிவி பாயிண்ட்டில் வயரைச் சொருகினால் ஒன்றும் வரவில்லை. 28 வெள்ளிக்கு ஓர் ஆன்டெனா வாங்கி டிவிக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். பகலில் தமிழ் ஒளிவழி வசந்தம் நன்றாக வருகிறது. இரவில் செய்தி பார்க்கும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது. கடையில் 65 வெள்ளிக்குப் பெரியது ஒன்று காட்டுகிறார்கள். வாங்கிவிடட்டுமா?
(வாசகி, தெம்பனிஸ்)

பதில்: இப்போது வாங்காதீர்கள், அம்மா. உங்களிடம் இருப்பதே போதும் என்றுதான் நினைக்கிறேன். பகலில் நன்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரியே பாதி விடை. சிக்னல் வீட்டுக்குள் வருகிறது. ராத்திரியில் ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது.

எங்கள் புளோக்கில் ஒரு பாட்டிக்கு இதே தொல்லை இருந்தது. சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு ஆரம்பிக்கும். படுக்கப் போகும் நேரத்தில் சரியாகிவிடும். யார் யாரோ வந்து பார்த்து ஆன்டெனாவை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். நான் ஒரு சாயங்காலம் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாட்டி எழுந்து சாமி அலமாரியில் வண்ண எல்இடி விளக்கைப் போட்டார். அடுத்த நொடியே படம் உடைந்தது. விளக்கை அணைக்கச் சொன்னேன், படம் வந்தது. மறுபடி போடச் சொன்னேன், போனது. மலிவான எல்இடி அடாப்டர்கள் சில, பல்லை நறநறவென்று கடிப்பதுபோல ஓயாமல் வானலை இரைச்சலைக் கிளப்பும். நம் காதுக்குக் கேட்காது, ஒரு முழ தூரத்தில் இருக்கிற ஆன்டெனாவுக்கு அது மட்டும்தான் கேட்கும். பாட்டியின் ஆன்டெனா சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. சாமி விளக்கை எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆன்டெனாவைத்தான் சன்னல் பக்கம் கொண்டுபோனேன். அதோடு தீர்ந்தது.

அதனால் உங்கள் அம்மா வீட்டில் இரவு எதெல்லாம் போடப்படுகிறது என்று பாருங்கள். எல்இடி விளக்கு, கைத்தொலைபேசி சார்ஜர், டிவிக்குப் பின்னால் சொருகியிருக்கிற அடாப்டர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

அடுத்தது இடம். டிவிக்குப் பின்னால் ஒட்டினேன் என்கிறீர்கள். ஆன்டெனாவுக்கு வீட்டிலேயே மோசமான இடங்களில் அதுவும் ஒன்று. முன்னால் டிவியின் உலோகத் தகடு, பின்னால் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட். வீட்டில் கெட்டியான கான்கிரீட்டில் கட்டிய பாம் ஷெல்ட்டர் அறைக்குள் கைத்தொலைபேசி எப்படித் திணறுகிறது என்று உங்களுக்கே தெரியும், அதே கதைதான். ஆன்டெனா சன்னலைப் பார்க்க வேண்டும்.

எந்தச் சன்னல்? நம் ஊரின் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது. தெம்பனிசிலிருந்து பார்த்தால் நேர் மேற்கு, 20 கிலோமீட்டர் சொச்சம். காந்த ஊசியெல்லாம் வேண்டாம், அம்மா வீட்டில் மாலை வெயில் எந்தச் சன்னலில் விழுகிறதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். அப்படிச் சன்னலே இல்லையென்றாலும் கவலை இல்லை. அலை எதிர்ப் புளோக்கில் பட்டுத் திரும்பியும் வரும். அந்தக் காலத்தில் அப்படித் திரும்பி வருகிற அலையால்தான் திரையில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் ஆவி நிற்கும். மின்னிலக்க ஒளிபரப்பு அந்த எதிரொலியைத் தாங்கிக்கொள்கிற மாதிரி அமைக்கப்பட்டது.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிவி முன்னால் உட்கார்ந்து, மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து எண்ணைப் படிக்க வேண்டும். அங்கே இரண்டு பட்டைகள் இருக்கும், ஒன்று வலிமை, மற்றொன்று தரம். தரத்தைப் பாருங்கள். வலிமை 90 காட்டி, தரம் 30-இல் நின்றால் படம் உடையத்தான் செய்யும். இன்னொருவர் ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு சன்னலோரமாக ஒரு சாண் ஒரு சாணாக நகர வேண்டும். ஏன் ஒரு சாண்? இந்த அலையின் நீளமே அரை மீட்டரை ஒட்டியது. நேராக வருவதும் பட்டுத் திரும்புவதும் ஒரு புள்ளியில் ஒன்றையொன்று கூட்டும், அடுத்த சாணில் ஒன்றையொன்று தின்னும். நின்ற இடத்தில் படமே இல்லை, அரை அடி தள்ளினால் தெளிவாக வருகிறது என்பதை நூறு வீடுகளிலாவது பார்த்திருக்கிறேன். படுக்கவைத்தும் நிறுத்திவைத்தும் பாருங்கள். கை எடுத்தபிறகு எண் மாறும், நம் உடம்பும் அலையை மறைக்கும். அதனால் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு, விலகி நின்று, ஒரு நிமிடம் பொறுத்து, அப்புறம் எண்ணைப் படியுங்கள். படம் உடைகிற அந்த இரவு நேரத்திலேயே இதைச் செய்யுங்கள். பகலில் செய்தால் பயனில்லை.

சன்னலுக்கு வெளியே மட்டும் எதையும் மாட்ட வேண்டாம். பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போய்விடும்.

சுவரில் இருக்கிற பாயிண்ட் கேபிள் காலத்தது. கேபிள் வழி ஒளிபரப்பு 2019 செப்டம்பரோடு நின்றுவிட்டது. அதில் சொருகுவதில் பலனில்லை.

65 வெள்ளி ஆன்டெனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியில் 200 மைல், 300 மைல் என்று போட்டிருக்கும். நம் தீவு கிழக்கிலிருந்து மேற்குவரை 50 கிலோமீட்டர்தான் இருக்கும். அந்த எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள். கூடவே வருகிற பூஸ்டர் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெரிதாக்கும், சாமி விளக்கின் இரைச்சல் உட்பட. கோபுரத்துக்குப் பக்கத்தில் புக்கிட் பாத்தோக், ஜூரோங் ஈஸ்ட் வட்டாரத்தில் இருப்பவர்கள் பூஸ்டர் போட்டால் டிவியே திக்குமுக்காடிப் போகும்.

எல்லாம் சரியானபிறகு அம்மாவுக்காக இன்னும் சிலது செய்யுங்கள். டிவியைப் போட்டதும் நேரே ஒளிவழிக்குப் போகிற மாதிரி அமைப்பை மாற்றுங்கள். நான்கு மணி நேரம் பொத்தானைத் தொடாவிட்டால் தானாக அணைகிற அமைப்பு பல டிவிகளில் உண்டு, அதை எடுத்துவிடுங்கள். டிவி தானாக அணைந்தால் தனியாக இருக்கிற முதியவர் தான் ஏதோ கெடுத்துவிட்டதாக நினைத்துப் பயந்து, அப்புறம் போடவே மாட்டார். ரிமோட்டில் ஆன், சத்தம், ஒளிவழி மாற்றும் பொத்தான்களைத் தவிர மற்றவற்றை அட்டை வெட்டி டேப்பால் மூடிவிடுங்கள். இணையத்தில் மீவாட்ச்சில் வசந்தம் கிடைக்கிறதே என்று பிள்ளைகள் சொல்வார்கள். கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் இணையம் ஒரு நாள் நின்றால் அம்மா யாரைக் கூப்பிடுவார்? பொத்தானை அழுத்தினால் ஊர்ச் செய்தி தமிழில் வர வேண்டும். அந்த வயதில் அது வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி.

கேள்வி: 2010-இல் வாங்கிய நல்ல ஜப்பான் டிவி. மின்னிலக்கம் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருந்தது. ஆன்டெனா மாட்டித் தேடினால் ஒளிவழி பூஜ்யம் என்கிறது. ஆன்டெனா கெட்டதா?
(வாசகர், பிடோக்)

பதில்: ஆன்டெனா மேல் பழி போடாதீர்கள். நம் ஊர் ஒளிபரப்பு டிவிபி-டி2 என்கிற முறையில் வருகிறது. 2013 டிசம்பரில் தொடங்கினார்கள், 2018 முடிந்ததோடு பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். உங்கள் 2010 டிவியில் இருப்பது அதற்கு முந்தின டிவிபி-டி ஆக இருக்கும். கடைசியில் இருக்கிற அந்த 2 இல்லாவிட்டால், கொடி மரத்து உயரத்துக்கு ஆன்டெனா கட்டினாலும் படம் வராது.

டிவியைத் தூக்கிப் போட வேண்டாம். டிவிபி-டி2 செட் டாப் பாக்ஸ் ஒன்று வாங்கி, எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணையுங்கள். ஆன்டெனா வயர் பாக்ஸில் போகும். கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு 2018-இல் 100 வெள்ளி பற்றுச்சீட்டு வந்ததே, அதில் வாங்கிய பாக்ஸ் இன்னும் பிரிக்காமல் பல வீடுகளில் அலமாரி மேல் கிடக்கிறது. உங்கள் வீட்டிலோ பிள்ளைகள் வீட்டிலோ முதலில் தேடுங்கள். ஒரு முன்னெச்சரிக்கை: நீங்கள் வாங்கிய ஆன்டெனா மின்சாரம் தேவைப்படுகிற வகையாக இருந்து, அதற்குத் தனி அடாப்டர் இல்லையென்றால், பாக்ஸின் மெனுவில் ஆன்டெனா பவர் 5 வோல்ட் என்று இருப்பதை ஆன் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் பூஸ்டர் உயிரில்லாமல் சிக்னலை அடைத்துக்கொண்டு நிற்கும்.

கேள்வி: உட்லண்ட்சில் 14-வது மாடி. தேடினால் மலேசிய ஒளிவழிகள் எல்லாம் வருகின்றன, நம் ஊருடையதில் சிலது வருகிறது, சிலது வரவே இல்லை. அது எப்படிப் பாதி வரும்?
(வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: உங்கள் சன்னல் வடக்கே ஜொகூரைப் பார்க்கிறது என்று நினைக்கிறேன். அங்கேயும் இப்போது இதே டிவிபி-டி2தான், அதனால் உங்கள் டிவி அதையும் பிடிக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் பக்கத்துத் தமிழ்ப் படத்துக்காகவே மீன் முள் ஆன்டெனாவை வடக்கே திருப்பிவைத்த வீடுகள் எத்தனையோ. அதனால் இதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

பாதி வருவதற்குக் காரணம் இருக்கிறது. மின்னிலக்கத்தில் ஒவ்வொரு ஒளிவழியும் தனித்தனி அலையில் வருவதில்லை. சிலவற்றை ஒரு கட்டாகக் கட்டி ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். ஒரு கட்டு கிடைத்தால் அதிலுள்ள எல்லாம் வரும், கிடைக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து போய்விடும். புக்கிட் பாத்தோக் உங்களுக்குத் தெற்கே, கொஞ்சம் மேற்காக இருக்கிறது. ஆன்டெனாவைத் தாழ்வாரப் பக்கமோ அடுப்படிப் பக்கமோ, தெற்குப் பார்த்த சன்னலுக்குக் கொண்டுபோங்கள். டிவியில் நாடு சிங்கப்பூர் என்றும், ட்யூனர் ஆன்டெனா என்றும் இருக்கிறதா பாருங்கள், கேபிள் என்று இருந்தால் மாற்றுங்கள். அப்புறம் முழுசாக மறுபடி தேடவிடுங்கள். ஒளிவழி 5, ஒளிவழி 8, ஒளிவழி யு, சுரியா, வசந்தம், சிஎன்ஏ ஆகிய ஆறும் வர வேண்டும். பிள்ளைகள் ஓக்டோவைத் தேடினால், அது 2019 மே மாதம் ஒளிவழி 5-உடன் சேர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

கேள்வி: இப்படி ஆன்டெனா வைத்துப் பார்த்தால் டிவி லைசென்ஸ் கட்ட வேண்டுமா? அப்படியே ஒரு டிஷ் வைத்துத் தமிழ்நாட்டுச் சேனல்களையும் பிடிக்கலாமா?
(வாசகர், செங்காங்)

பதில்: லைசென்ஸ் வேண்டாம். ஆண்டுக்கு 110 வெள்ளி கட்டிய காலம் 2011-இல் முடிந்துவிட்டது. டிஷ் வைக்க வேண்டாம், வீடுகளுக்கு இங்கே அதற்கு அனுமதி இல்லை.

கேள்வி: ஹாலில் ஒரு டிவி, அறையில் ஒரு டிவி. ஒரே ஆன்டெனாவை இரண்டாகப் பிரித்தேன். ஹாலில் வருகிறது, அறையில் சுத்தமாக இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்த ஒருவர் வயரை வெட்டிப் புதுத் தலை போட்டுக் கொடுத்து 80 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். அப்படியும் வரவில்லை.
(வாசகர், அங் மோ கியோ)

பதில்: 80 வெள்ளி போனதைப் படித்து எனக்கு வயிறு எரிந்தது. பிரித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் குறைவாகத்தான் போகும், அது இயல்பு. ஆனால் ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் சுத்தமாக இல்லையென்றால் நான் முதலில் பார்ப்பது அந்தப் புதுத் தலையைத்தான்.

அதைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. நடுவில் ஒற்றைச் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன் மேல் ஈயத்தாள், அதன் மேல் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகள் பின்னலாக இருக்கும். அந்தப் பின்னலில் ஒரே ஓர் இழை உள்ளே வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த ஒரு இழை போதும், சிக்னல் அங்கேயே செத்துவிடும். நான் கடையில் கற்றுக்கொண்ட காலத்தில் என் முதலாளி இதற்காகவே ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்திருந்தார். பின்னலைப் பின்னால் மடக்கி, பிரஷால் மூன்று முறை சீவிவிட்டுத்தான் தலையைப் போடவிடுவார். நீங்களும் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, பின்னலை நன்றாகப் பின்னால் சீவி, நடுக்கம்பி தலைக்கு வெளியே ஓர் அரிசி நீளத்துக்கு நீட்டுகிற மாதிரி மறுபடி போடுங்கள். ஆர்ஜி6 வயர் என்று கேட்டு வாங்கினால் நல்லது, சிம் லிம் டவரில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற கடைகள் இருக்கின்றன. அறை தூரமாக இருந்தால் பிரிப்பதை விட்டுவிட்டு அங்கே தனியாக ஒரு சின்ன ஆன்டெனா வைத்துவிடுங்கள். வயர் இழுக்கிற வேலையும் மிச்சம்.

கேள்வி: தாத்தா, நான் உயர்நிலை இரண்டில் படிக்கிறேன். நானே ஆன்டெனா செய்ய முடியுமா? எவ்வளவு நீளக் கம்பி வேண்டும்?
(மாணவர், ஈசூன்)

பதில்: முடியும் தம்பி, தாராளமாக. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் உன் வீட்டு டிவியின் சிக்னல் பக்கத்தில் மெகாஹெர்ட்ஸ் என்று ஓர் எண் இருக்கும், அதை எழுதிக்கொள். 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். எண் 550 என்று வைத்துக்கொள்வோம், அலைநீளம் 54 சென்டிமீட்டர் சொச்சம். உனக்கு வேண்டியது அதில் பாதி, 27. கம்பியில் அலை சற்று நெருங்கி நிற்கும், அதனால் இன்னும் கொஞ்சம் குறைத்து 26 வைத்துக்கொள். அதை 13, 13 ஆக இரண்டு துண்டாக வெட்டு. கெட்டியான செம்புக் கம்பி போதும். ஐஸ்கிரீம் குச்சி ஒன்றில் இரண்டையும் ஒரே நேர்க்கோட்டில் கட்டு, நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும், ஒன்றையொன்று தொடக் கூடாது. ஆன்டெனா வயரின் நடுக்கம்பியை ஒரு துண்டிலும் பின்னலை மற்ற துண்டிலும் பற்றவை. பற்றவைக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஈசூனிலிருந்து புக்கிட் பாத்தோக் தென்மேற்கே இருக்கிறது. கம்பியின் முனை அந்தப் பக்கம் நீட்டக் கூடாது, கம்பியின் பக்கவாட்டு அதைப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளையும் விரித்து நெஞ்சைக் கோபுரத்துக்குக் காட்டி நிற்கிற மாதிரி. முதலில் கம்பியைப் படுக்கவைத்து எண்ணைக் குறித்துக்கொள், அப்புறம் நிறுத்திவைத்துக் குறித்துக்கொள். 11, 12, 14 சென்டிமீட்டரிலும் வெட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தரப் பட்டை எவ்வளவு காட்டியது என்று நோட்டில் எழுது. அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு, இதே பகுதியில் போடச் சொல்கிறேன்.